ஆலைவாசலில் சொன்ன சொல்

கோதண்டபாணி ஆசிரமத்தில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. குரு அபிராமவல்லிக்கு நாற்பத்திரண்டு. யார் குரு, யார் சீடர் என்று பார்க்கிறவர்கள் குழம்பினார்கள். அவர் குழம்பவில்லை. டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு யாருக்கு சல்யூட் வைப்பது என்று தெரியாதா என்ன?

ஓய்வுக்குப் பிறகு அவர் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். ஃபயர். அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று மூன்று தடி நோட்டுகளை நிரப்பியிருந்தார். மனுஷனுக்குப் பொழுது போகவில்லை என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். பாவம், விஷயம் அவர்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆலைவாசலில், வேலைநிறுத்தக் கூட்டத்துக்கு எதிரே நின்று, அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். நான்கு பேர் செத்தார்கள். அவர் மேல் தவறில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஒரு நாள் காலை குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோதண்டபாணி நோட்டுகளோடு எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஆதியில நெருப்புக்கு ரெண்டு பேர் இருந்திருக்கு. உயிருள்ள நெருப்புக்கு ஒண்ணு. நம்ம அக்னி அந்த வழி. அடுப்புல கிடக்கிற வெறும் பொருளுக்கு இன்னொண்ணு. ஃபயர் இந்த வழி."

"சரி."

"சுடுறதுக்கு அந்தச் சொல் ரொம்பப் பின்னாடிதான் வந்தது. பழைய துப்பாக்கியில மருந்துக்குத் திரியால நெருப்பு வைக்கணும். அதை வைன்னு சொல்றதுதான் உத்தரவு. வேலையை விட்டுத் துரத்துறதுக்குச் சொல்றது அதுக்கும் பின்னாடி."

"நல்லாத் தேடியிருக்கீங்க ஐயா."

அவர் நோட்டை மூடினார். கேட்க வந்ததைக் கேட்டேவிட்டார்.

"வேர்லயே உயிரில்லாத சொல்லும்மா அது. அதைச் சொன்னவன் மேல பாவம் சேருமா?"

குரு கீரையை ஒதுக்கி வைத்தார்.

"சுடறதுக்கு எப்படி உத்தரவு போடுவாங்க? பயிற்சியில உங்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரியே எனக்குச் சொல்லிக் கொடுங்க."

கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேண்டாம்மா."

"எழுந்து நில்லுங்க ஐயா."

நின்றார். முதுகு தானாக நிமிர்ந்தது.

"முதல்ல மைக்குல எச்சரிக்கணும். அப்புறம் கண்ணீர்ப்புகை. அதுக்கும் கலையலைன்னாத்தான் இது. எல்லாருக்கும் மொத்தமா உத்தரவு போடக் கூடாது. ஒரு ஆளுக்குத்தான்." குரல் பழைய மிடுக்கில் ஏறியது. "மூணாம் நம்பர்! எதிர்ல செங்கல்லோட நிக்கிற ஆள்! முழங்காலுக்குக் கீழே! ஒரே ரவுண்டு!"

கடைசிச் சொல் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றார்.

"அன்னிக்கும் இதெல்லாம் சொன்னீங்களா?" என்று கேட்டார் குரு.

"சொன்னேன்னுதான் விசாரணையில சொன்னேன்."

"அதைக் கேக்கல."

கோதண்டபாணி நெற்றியைத் தடவிக்கொண்டார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"ஒரு கல்லு வந்து நெத்தியில பட்டுது. ஆத்திரம். கடைசிச் சொல்லை மட்டும் கத்தினேன். பதினாறு துப்பாக்கியும் வெடிச்சுது." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் எல்லாத்தையும் முறைப்படி சொன்னேன்னு நானே நம்பிட்டேன்மா. இத்தனை வருஷம் நம்பிட்டேன்."

குரு நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து அவர் மடியில் வைத்தார்.

"மூணுலயும் நீங்க சொன்ன சொல்லுதான் இருக்கு ஐயா. சொல்லாம விட்டது எந்த நோட்டுல இருக்கு?"