தெரியாமல் போட்ட நங்கூரம்

"ஏல மிக்கேலு, நீ பாத்துப் போடுத. பாக்காமப் போடு," என்றார் கொம்புத்தீவின் ஊர்த்தலைவர் சவரிராயன்.

மிக்கேல் நங்கூரத்தைத் திரும்ப இழுத்துப் படகில் ஏற்றினான். இந்த முறை முகத்தை வானத்துப் பக்கம் வைத்துக்கொண்டு வீசினான். நங்கூரம் படகுக்குள்ளேயே விழுந்தது. விழுந்த இடத்தில் கித்தேரியானின் கால் இருந்தது.

"இது தற்செயலா நடந்தது," என்றான் கித்தேரியான், காலைப் பிடித்துக்கொண்டு.

"கால்ல நடந்தா செல்லாது. கேபிள்ல நடக்கணும்," என்றார் தலைவர்.

கேபிளில் நடந்தே ஆக வேண்டிய நிலைமையில்தான் கித்தேரியான் இருந்தான். தீவுக்கும் கரைக்கும் நடுவே கடலுக்கடியில் போகிற கேபிள் போன வாரம் அறுந்துவிட்டது. கப்பல் வந்து சரிசெய்துவிட்டுப் போகும்வரை தீவில் ஒரு போனும் பேசவில்லை. அறுந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றது கித்தேரியானின் படகு மட்டும்தான் என்று தெரிந்ததும், ஓர் அதிகாரி வந்து அந்தப் படகைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்.

"தெரியாமல் நடந்தது என்று காட்டினால் படகு உங்களுக்கு. வேண்டுமென்றே செய்தது என்றால் ஏலம். நாளை மத்தியானத்துக்குள் எனக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள்," என்று சொல்லிவிட்டுக் கரைக்குத் திரும்பிப் போனார்.

கொம்புத்தீவில் காட்டு என்றால் காட்டுவார்கள். வாயால் சொல்லி நிறுத்திக்கொள்கிற பழக்கம் அங்கே இல்லை. ஆகவே, தெரியாமல் நடந்ததை இன்னொரு தடவை தெரியாமல் நடத்திக் காட்டுவதற்காக மறுநாள் விடிந்ததுமே தலைவரின் படகில் புறப்பட்டு வந்துவிட்டார்கள். தலைவர், மிக்கேல், கித்தேரியான், அவன் மனைவி ரெஜினா. பூட்டிக் கிடந்த படகின் எஞ்சின், ஒரு காலத்தில் ரெஜினாவின் வளையல்களாக இருந்தது. ஆம்பிளைகளை மட்டும் அனுப்பினால் காரியம் கெட்டுவிடும் என்று அவளும் வந்திருந்தாள்.

முதல் சிக்கலைத் தீர்த்ததும் அவள்தான். கப்பல்காரர்கள் கேபிளுக்கு நேர்மேலே ஒரு மஞ்சள் மிதவையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மிதவைக்குப் பக்கத்தில் யாரும் நங்கூரம் போடக் கூடாது என்பது அதிகாரியின் கண்டிப்பான உத்தரவு. உத்தரவை மீற யாருக்கும் மனமில்லை. அவள் யோசனைப்படி மிதவையை அவிழ்த்துப் படகில் ஏற்றிக்கொண்டார்கள்.

"இப்பத்தான் ரொம்பப் பக்கத்துல இருக்கு," என்றாள் ரெஜினா. மிதவை அவள் மடியில் இருந்தது.

தலைவர் யோசித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அந்த வழியாக வள்ளத்தில் வந்த மிக்கேலின் தம்பி லெயோனைக் கூப்பிட்டு மிதவையை ஒப்படைத்தார்.

"எவ்வளவு தூரம் கொண்டுபோகணும் பெரியப்பா?"

"பக்கம்னு ஒருத்தனும் சொல்ல முடியாத தூரம்."

லெயோன் துடுப்பு வலித்துக்கொண்டே போனான். கடுகு போல ஆகிற வரைக்கும் போனான். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் நங்கூரம் போட ஆரம்பித்தார்கள். பார்த்துப் போட்டது சரிவரவில்லை, பார்க்காமல் போட்டது கித்தேரியானின் காலோடு போயிற்று. தலைவர் துண்டை எடுத்து மிக்கேலின் கண்ணைக் கட்டினார்.

"இப்ப ஒனக்கு ஒண்ணும் தெரியல, இல்லையா?"

"கண்ணு கட்டியிருக்கது தெரியுது," என்றான் மிக்கேல்.

"அது தெரிஞ்சா போச்சே. எதுக்குக் கட்டியிருக்குன்னும் தெரியுமா?"

"நங்கூரம் போடதுக்கு."

தலைவர் துண்டை அவிழ்த்துவிட்டார். எல்லாம் தெரிந்த ஒருவனை வைத்துக்கொண்டு எதையும் தெரியாமல் செய்ய முடியாது என்று ரெஜினாவிடம் வருத்தப்பட்டார்.

"தூங்கினா தெரியாதுல்லா?" என்றாள் அவள்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. மிக்கேலைப் படகின் விளிம்போரமாகப் படுக்க வைத்து, நங்கூரத்தை அவன் நெஞ்சின் மேல் வைத்தார்கள். புரண்டு படுத்தால் தானாகக் கடலில் விழுந்துவிடும். மிக்கேல் உடனே தூங்கிப்போனான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நெஞ்சில் அவ்வளவு பாரம் இருந்ததால் அவன் புரளவே இல்லை. வெயில் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து, நங்கூரத்தைப் பத்திரமாகப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"கெடுத்தான்," என்றார் தலைவர்.

"ஒருவேளை சுறா கடிச்சிருக்குமோ?" என்றான் கித்தேரியான்.

"கடிச்சிருந்தா? சுறா தெரியாமக் கடிச்சுதா, வேணும்னு கடிச்சுதா? அதை யாரு போய்க் கேக்கது?"

"பசிக்குக் கடிச்சா தெரியாம. கோவத்துக்குக் கடிச்சா வேணும்னு."

"கேபிள் மேல சுறாவுக்கு என்ன கோவம்?"

"எனக்கென்ன கோவம்? எம் படகைப் பூட்டலையா?"

தலைவர் விசாரணையை வேறு பக்கமிருந்து தொடங்கினார்.

"கித்தேரி, அன்னைக்கு நங்கூரம் போடும்போது நீ என்ன நினைச்சுக்கிட்டு இருந்த?"

"கருவாட்டுக் குழம்பை."

"யாரு வச்ச குழம்பு?" என்றாள் ரெஜினா.

"எங்க அம்மா வச்சது."

ரெஜினா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரி. இப்பவும் அதையே நினை," என்றார் தலைவர். "நினைச்சுக்கிட்டே நங்கூரத்தைப் போடு. அப்பத்தான் அன்னைக்கு நடந்த மாதிரி இருக்கும்."

கித்தேரியான் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடினான். புளி, பூண்டு, கத்திரிக்காய் என்று ஒவ்வொன்றாக முணுமுணுத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான்.

"போடேம்ல," என்றார் தலைவர்.

"நங்கூரத்தை நினைச்சா குழம்பு போயிருது மாமா. குழம்பை நினைச்சா நங்கூரம் போயிருது."

"எங்க அம்மா குழம்பை நினைச்சுப் பாரும்," என்றாள் ரெஜினா.

அவன் நினைத்துப் பார்த்தான். நங்கூரம் உடனே தண்ணீரில் விழுந்தது. எல்லோரும் கயிற்றைப் பாய்ந்து பிடித்து இழுத்தார்கள். வெறும் சேறும் ஒரு கிளிஞ்சலும் வந்தன. கித்தேரியான் கிளிஞ்சலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

"படகு போச்சு," என்றான். "நாளைக்கு எவன் படகுலயாவது கூலிக்குப் போகணும்."

ரெஜினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மிக்கேலுக்குத் தன் தூக்கத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. தலைவர் மட்டும் அசையவில்லை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது.

"மக்கா, காலையில இருந்து நாம என்ன செஞ்சோம்?"

"கேபிளை மாட்டப் பாத்தோம்."

"வேணும்னுதானே பாத்தோம்?"

"வேணும்னுதான்."

"மாட்டுச்சா?"

"மாட்டல."

"நாலு பேரு ஒரு நாள் வேலையைப் போட்டுட்டு, வேணும் வேணும்னு செஞ்சும் மாட்டாத கேபிளை, இவன் ஒத்தையில நின்னு வேணும்னு மாட்டியிருக்க முடியுமா?"

கித்தேரியான் கிளிஞ்சலைக் கீழே வைத்தான். அவனுக்கு அழுகை வந்தது. தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றுத் தூக்கைத் திறந்தாள். நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போனது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நிற்கட்டும் என்று மிக்கேல் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் தலைவர் பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்து அதிகாரியைக் கூப்பிட்டார். தலைவர் எதையும் முதலிலிருந்து சொல்பவர். விடிந்ததிலிருந்து தொடங்கினார். அவர் பேசட்டும், அதற்குள் புறப்படத் தயாராகலாம் என்று மிக்கேல் நங்கூரத்தை இழுத்தான். வரவில்லை. கித்தேரியானும் எழுந்து வந்து கை கொடுத்தான். கை பருமனுக்குக் கறுப்பாக ஒன்று நங்கூரத்தில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது. மிக்கேல் எஞ்சின் பெட்டியிலிருந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துவந்து அறுக்கத் தொடங்கினான்.

"ஆகவே ஐயா, அதை வேணும்னு அறுக்க ஒருத்தராலயும் முடியாது," என்று தலைவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்க நாலு பேரும் காலையில இருந்து செஞ்சு பாத்துட்டோம்."

"என்ன செய்து பார்த்தீர்கள்? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" அதிகாரியின் குரல் ரெஜினாவுக்கே கேட்டது.

"மிதவைக்குப் பக்கத்துல இல்லைங்கய்யா."

"தலைவரே, உடனே அங்கிருந்து…"

அதோடு நின்றுவிட்டது. தலைவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் ரெஜினா.

"ஒண்ணும் சொல்லல. பேச்சே நின்னுபோச்சு. இதுக்கு மேல அவரு என்னத்தைச் சொல்ல முடியும்?"

"அப்ப படகு?"

"நம்மதுதான்."

ரெஜினா தூக்குப்பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் அலசினாள். கித்தேரியான் அறுத்ததன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, மிக்கேல் இரண்டு முனைகளையும் நைலான் கயிற்றால் சேர்த்து இறுக்கிக் கட்டினான். முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் தண்ணீரில் விட்டான்.