பத்தாவது கட்டை

குன்னூரில் அந்தக் கட்டடத்தைப் பேய் பங்களா என்பார்கள். சகோதர சங்கத்தார் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்தியதால் வந்த பெயர். பின்கட்டில் பந்து உருட்டும் நீளக் கூடம். ஒரு கோடியில் பத்து மரக்கட்டைகளை நிறுத்தி, மறுகோடியிலிருந்து பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். ஒரே உருட்டில் பத்தும் விழுந்தால் பெயர் சுவர்ப்பலகையில் ஏறும். இதுவரை ஏறியவை மூன்று. மூன்றும் துரைமார்.

நாலாவதாகத் தன் பெயரை எழுதச் சொல்லி பட்லர் தைரியநாதன் நாற்பத்தொரு வருஷமாகக் கேட்டு வந்தார். சங்கத்துக்கு நூறு வயதாகி, பலகையைப் புதுப்பிக்கும்போது செயலாளர் ரங்கபாஷ்யம் மனம் இறங்கினார்.

"சாட்சி இருந்தா எழுதிடலாம்."

சாட்சி, மாசிலாமணி. இருபத்தாறு வருஷம் கட்டை நிறுத்தியவர். கூச்ச சுபாவம், விழுந்த கணக்கை வாயால் சொல்லமாட்டார். உருண்ட பந்து கட்டைகளுக்குப் பின்னால் உள்ள குழியில் வந்து விழுந்ததும், விழுந்த கட்டைக்கு ஒன்று வீதம், தான் ஒதுங்கி உட்காரும் மறைப்புப் பலகையில் தட்டுவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தைரியநாதன் உருட்டிய அன்று மட்டும் தட்டுச் சத்தம் கேட்கவே இல்லை.

"ஊட்டிக்காரங்களோட பந்தயம்ங்க" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார் தைரியநாதன். "நம்ம துரை ஒருத்தருக்கு வயிறு சரியில்லை. என்னை உருட்டச் சொன்னாங்க. இடது கையில சூப்புத் தட்டு, வலது கையில பந்து. பத்தும் காலி. சூப்பு ஒரு சொட்டு சிந்தலை."

சூப்பைப் பற்றி மாசிலாமணிக்கு ஆட்சேபம் இல்லை. 'பத்தும்' என்றபோது மட்டும் அவர் விரல் முழங்காலில் துடித்தது.

"பந்து நிக்கலை. பின்சுவத்தைத் துளைச்சுட்டுப் போயிருச்சு."

"சுவத்துல ஓட்டையே இல்லையேண்ணே" என்றார் பெயிண்டர் குத்தூஸ். "நேத்துதான் நான் வெள்ளையடிச்சேன்."

"அந்த வேகத்துல போனா சுவத்துக்கே தெரியாது தம்பி. நேரா மலைப்பாதை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஒதுங்கி நின்னு, மேல வர்ற லாரிக்கு வழி விட்டுச்சு."

"ஹாரன் அடிச்சுதா?"

"பந்துக்கு ஏதுய்யா ஹாரன்? மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல போய்த்தான் நின்னுச்சு. மேடு ஏற முடியாதில்ல? மலை ரயிலுக்குக் காத்துக்கிடந்துச்சு. உக்கார இடமில்லைன்னு ரெண்டு வண்டியை விட்டுட்டு, நாலாம் நாள் இங்க வந்து இறங்கி, தானே உருண்டு குழியில விழுந்துச்சு. வரும்போது எனக்குக் கொட்டைப்பாக்கு வேற வாங்கியாந்துச்சு."

ரங்கபாஷ்யம் கண்ணாடியைக் கழற்றினார். "மாசிலாமணி, இதெல்லாம் நெசமா?"

மாசிலாமணி எழுந்து தரையைப் பார்த்தபடி சொன்னார். "சுவத்துல போனது நெசம்ங்க. நாலாம் நாள் வந்ததும் நெசம். பாக்கு முப்பத்திரண்டு. நான் எண்ணினேன்."

தைரியநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். குத்தூஸ் பலகையில் 'தை' எழுதிவிட்டார்.

"ஆனா பத்தாவது கட்டை ஆடிக்கிட்டே இருந்துச்சுங்க. பந்து குழிக்கு வர்றதுக்குள்ள விழுந்தாத்தான் கணக்கு. மூணு நாள் ஆடிட்டு, விழாமலே நின்னுடுச்சு. நானும் எந்திரிக்கலை. பந்து வந்தப்ப எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. யாரும் இல்லாம எப்படித் தட்டுறதுன்னு விட்டுட்டேன்."

கூடத்தின் கோடிக்கு நடந்து போனார். மறைப்புப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, நிதானமாகத் தட்டினார். எல்லோரும் எண்ணினார்கள்.

ஒன்பது.

தைரியநாதன் இன்னொரு தட்டுக்குக் காத்திருந்தார். குத்தூஸ் துணியை டர்பன்டைனில் நனைத்தார்.