அடி நிற்கும் இடம்

சென்னையிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கிய செங்கோட்டுவேலு, பேரம் பேசாமல் ஆட்டோவில் ஏறினார். குமாரபாளையத்துக்காரர் ஒருவர் பேரம் பேசாமல் ஆட்டோவில் ஏறுகிறார் என்றால் ஒன்று வீட்டில் துக்கமாக இருக்க வேண்டும், இல்லை கோபம் தலைக்கேறியிருக்க வேண்டும். இவர் வீட்டில் எல்லோரும் நலம்.

கடலூர்ப் பக்கம், கடலைப் பார்த்தபடி, மூடிப்போன ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. அதற்குள்தான் கௌசர் மாஸ்டரின் பள்ளி. டெக்னோ, டிரான்ஸ் என்கிற மின்னிசையை உண்டாக்க அங்கே கற்றுக்கொடுத்தார். பாடகர் கிடையாது, பாட்டு வரிகள் கிடையாது. அடியும் ஒலியும்தான். சீடர்களில் செங்கோட்டுவேலு மூத்தவர். குருவுக்கே இருபது வயது மூத்தவர்.

அவர் இங்கே வந்து சேர்ந்தது ஒரு கல்யாணத்தால். கோயம்புத்தூரில் நடந்த வரவேற்பு ஒன்றில் யாரோ டெக்னோவைப் போட்டுவிட்டார்கள். சொந்தபந்தம் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்கு ஓடியது. இவர் மட்டும் ஸ்பீக்கருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலாவது தறிக்கு எண்ணெய் விடோணும்" என்றார். அடுத்த மாதமே விசைத்தறிப் பட்டறையைத் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டுக் கௌசரைத் தேடி வந்துவிட்டார்.

இன்றைக்கு அவர் உள்ளே நுழைந்தபோது கௌசர் ஒரு ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிரகாசி விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாம்பன்காரி. டிரான்ஸ் என்றால் அவளுக்கு உயிர். செங்கோட்டுவேலுவுக்கு அது ஆகவே ஆகாது.

"மாஸ்டர், நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து இனி ஒருத்தரும் அந்த விழாவுக்குப் போகக்கூடாதுங்க."

"உட்காருங்கண்ணா. என்ன சொல்லி வேண்டாம்னாங்க?"

"உக்கார்ற நெலமைலயா நான் இருக்கறனுங்க?"

கடற்கரையில் பெரிய இசைவிழா. பள்ளிக்கு ஓர் இடம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அனுப்புகிற ஆளின் இசையைச் சென்னையில் ஒருவர் கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். கௌசர் செங்கோட்டுவேலுவை அனுப்பியிருந்தார். எட்டு மாதம் இழைத்த இசையோடு போனார் மனிதர்.

"டீக்கப்பை வாய்ல வெச்ச கையோட கேட்டானுங்க. அந்த டீ ஆறலை, அதுக்குள்ள நிறுத்திப்புட்டான். 'எந்த ஊர் சார்?'னான். சொன்னேன். சிரிக்கிறான் மாஸ்டர். 'ரிதம் எல்லாம் ஓகே சார், ஆனா டெக்னோ பெர்லின் மாதிரி ஊர்ல வளர்ந்த காதுக்குத்தான் வரும். உங்க பக்கம் டேஸ்ட்டே வேற. மாரியம்மன் பண்டிகைக்கு டிரை பண்ணுங்களேன்'னு சொல்றானுங்க."

"அவன் மூஞ்சியில அந்த டீயை ஊத்தியிருக்கணும்ணே!" என்றாள் பிரகாசி. அவளுக்கு மூக்கு விடைத்துவிட்டது.

"ஊத்தியிருப்பேன். டீ கொடுத்த அம்மா தொடைக்கோணுமேன்னு விட்டேன்." அவர் கௌசர் பக்கம் திரும்பினார். "மாமியார் ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சா பொன்கொடங்களா? பெர்லின்காரன் இரும்பைத் தட்டுனா இசை. குமாரபாளையத்தான் தட்டுனா பண்டிகைச் சத்தம். பொறந்ததுல இருந்து ராத்திரி பகல் இதைக் கேட்டு வளந்தவனுங்க நான். அவன் எதைக் கேட்டு வளந்தானாம்? கார் ஹாரனா?"

அந்த ஆளைச் சொல்லிக் குற்றமில்லை என்று சமாதானம் பேச இங்கே இடமில்லை. குற்றம்தான். ஒருவன் உழைத்துக் கொண்டுவந்ததைக் காதில் வாங்காமல் ஊர்ப் பெயரை வைத்து எடைபோடுவது அயோக்கியத்தனம். செங்கோட்டுவேலுவின் கோபம் நியாயமான கோபம். நியாயமான கோபத்துக்குக் கண் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

"அவர் சொன்னது தப்பு" என்றார் கௌசர். "விழாவுக்கு நான் எழுதறேன். ஆனா அந்த இடம் இன்னும் நமக்கு இருக்கு. நாளைக்கு இன்னொருத்தரை அனுப்பலாம்னு காலையிலேயே போன் வந்துச்சு. பிரகாசியை அனுப்பலாம்னு இருக்கேன்."

"போகக்கூடாதுங்க!"

பிரகாசி விளக்கை அணைத்தாள். இந்த வருஷத்துக்குள் இதில் ஒன்றும் நடக்காவிட்டால் ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் வீட்டில் எடுத்த முடிவு. வருஷம் முடிய அதிக நாள் இல்லை. பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும். செங்கோட்டுவேலுவுக்கும் தெரியும்.

"நம்மளை மதிக்காத எடத்துக்கு நாம எதுக்குங்க போகோணும்? இவ போனா நான் இன்னிக்கே ஊருக்குக் கெளம்பறேன்."

கௌசர் ஒயரைக் கீழே வைத்தார்.

"சரிண்ணா. அவ போகலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. உங்க சொல்லுதான். மாத்த மாட்டேன். ஆனா அவ பண்ணினதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

"மாஸ்டர்!" என்றாள் பிரகாசி.

"போடும்மா."

செங்கோட்டுவேலு உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்கிற உரிமை கைக்கு வந்ததும் கால் தானாக மடங்கிக்கொண்டது. துண்டை உதறி மடியில் போட்டுக்கொண்டார்.

பிரகாசி பட்டனை அழுத்தினாள். அடி விழத் தொடங்கியது. ஒரே சீரான அடி. அவர் குதிகால் அவரைக் கேட்காமலே தட்டியது. மேலே ஒரு ஒலி நூல் இழுத்ததுபோல் நீண்டது. அதையும் பொறுத்துக்கொண்டார். பிறகு, டிரான்ஸில் எப்போதும் நடப்பதுபோல, நடுவில் அடி நின்றது. வெறும் காற்றுப்போல ஓர் ஒலி மட்டும் மிச்சமாகித் தொங்கியது.

"நிறுத்து, நிறுத்து!"

பிரகாசி நிறுத்தினாள்.

"செத்துப்போச்சு பாருங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்ததை அறுத்து வுட்டுட்டா. இதுதானுங்க டிரான்ஸு. கடலோரத்துச் சனத்துக்கு சாமி வந்து ஆடற சத்தம்தான் வரும். நின்னு நெதானமா ஒரு வேலையை ஓட்டத் தெரியாது. அவங்க டேஸ்ட்டே வேற."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ இடறியது. எது என்று தெரியவில்லை.

பிரகாசிக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. அது அழுகை அல்ல. "எங்க ஊரு எங்கண்ணே இதுக்குள்ள வந்துச்சு? உங்களைச் சொன்னான்னு எனக்கு அவன் மேல எம்புட்டு ஆத்திரம் வந்துச்சு தெரியுமா? அதை இப்ப எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்றீக?"

அவர் வாயைத் திறந்தார். கௌசர் குறுக்கே கேட்டார்.

"அண்ணா, ஏன் எந்திரிச்சீங்க?"

"யாருங்க எந்திரிச்சா?"

சொன்ன பிறகுதான் பார்த்தார். நின்றுகொண்டிருந்தார். துண்டு தரையில் கிடந்தது.

"மேல எதுக்குப் பார்த்தீங்க?"

"மேல எல்லாம் பாக்கலீங்க."

"பிரகாசி, அண்ணன் எதைப் பார்த்தார்?"

"ஃபேனை" என்றாள் அவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"இதென்னங்க அநியாயமா இருக்குது! நான் ஏன் ஃபேனைப் பாக்கறேன்?"

"மறுபடி போடும்மா. கொஞ்சம் முன்னால இருந்து."

அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அசையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அடி விழுந்தது. குதிகால் தட்டியது. அடி நின்றது.

அவர் முகவாய் மேலே போயிற்று. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மூன்று இறக்கையும் நன்றாகத்தான் சுற்றின. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

பிரகாசி சிரிக்கவில்லை. நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

செங்கோட்டுவேலு அண்ணாந்தபடியே, "கரண்ட்டு போயிருச்சோன்னு பாத்தனுங்க" என்றார்.

கௌசர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

"எங்கூர்ல கொழந்தைக தறிச் சத்தத்துல தூங்குமுங்க. சத்தம் நின்னா முழிச்சுக்கும். தெருவே வாசலுக்கு வந்து நிக்கும், கரண்ட்டு எப்ப வருமோன்னு. தறி பாதில நின்னு மறுபடி ஓடுனா துணில குறுக்க ஒரு கோடு விழுந்துரும். யாவாரி அந்தத் துணியைத் தள்ளிருவாரு. எங்கப்பன் அன்னிக்கு யாருகூடவும் பேச மாட்டாரு. நாங்களும் பேச மாட்டோம்." சட்டென்று அவர் குரல் ஏறியது. "அதுக்கு? அம்பது வயசு மனுசனை ஒரு புள்ள முன்னால உக்கார வெச்சு, நீ ஃபேனைப் பாத்தே, நீ பயந்தாங்கொள்ளின்னு காட்டறீங்களா? எனக்கு ரசனை இல்ல, கரண்ட்டு பயம்தான் இருக்குதுன்னு சொல்றீங்களா? அந்தச் சென்னைக்காரனே தேவலாமுங்க!"

"பிரகாசி" என்றார் கௌசர். "நீ எங்க பார்த்த?"

"நானா?"

"அடி நின்னப்ப. ரெண்டு தரமும்."

அவள் யோசித்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல்.

"கரையப் பாத்தேன் மாஸ்டர்." கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அப்பா போட்டுல கடலுக்குக் கெளம்பினா என்ஜின் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு நின்னுரும். பிறகு காத்துச் சத்தம்தான். அம்மா எதையாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கும், பேசாது. அப்புறம் ரொம்பத் தூரத்துல டுக்கு டுக்குன்னு வரும். இருக்கா இல்லையான்னே தெரியாது. ஆனா அம்மாவுக்குத் தெரிஞ்சுரும். அப்பா வர்றாகன்னு ஒலைய வச்சுரும்."

செங்கோட்டுவேலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் பாட்டு? நிக்காம ஓடுதே, அது?"

"கேக்க முடியாதுண்ணே."

"என்னது?"

"போயிக்கிட்டே இருக்கிற போட்டு மாதிரி இருக்கும். திரும்பவே மாட்டேங்குதுன்னு இருக்கும்."

"எட்டு மாசமா பக்கத்துல உக்காந்து தலையாட்டிக்கிட்டுக் கேட்டே?"

"ஆமா."

"புடிக்காமயா?"

"புடிக்காமத்தான்."

அவருக்கு மறுபடியும் கோபம் வந்தது. இந்த முறை அது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. குனிந்து துண்டை எடுத்தார். தூசி தட்டினார். தட்ட வேண்டிய அளவைவிட அதிகமாகவே தட்டினார்.

"மிச்சத்தையும் கேக்கறீங்களா அண்ணா?"

"பயமா இருக்குதுங்களே மாஸ்டர்."

"பயந்துக்கிட்டே கேளுங்க."

பிரகாசி அழுத்தினாள். அடி நின்ற இடத்திலிருந்து இசை தொடர்ந்தது. அவர் ஒருமுறை மின்விசிறியைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். காற்று போன்ற அந்த ஒலி நீண்டுகொண்டே இருந்தது. இது முடியாது, இனி வராது, துணியில் கோடு விழுந்தாயிற்று என்று உள்ளே யாரோ அடித்துக்கொண்டார்கள். அப்போது ஆழத்தில் எங்கோ ஒன்று அசைந்ததுபோல் இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. பிரகாசியைப் பார்த்தார். அவள் முகத்தில் தெரிந்தது.

பிறகு அடி வந்தது.

இசை முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"புடிச்சுச்சாண்ணே?" என்று கேட்டாள் பிரகாசி. கேட்கும்போதே அவள் குரல் தேய்ந்தது. நாளைய பயணமும் ஜவுளிக்கடையும் அந்த ஒரு பதிலில் இருந்தன.

"புடிக்கலை கண்ணு." துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீ போ. இதை எவனாச்சும் கேக்கோணும். நான் சொன்னது..." முடிக்க வரவில்லை. "நான் சொன்னது பெரிய தப்பு."

"தப்புத்தான்" என்றாள் அவள். சும்மா ஒப்புக்குக்கூட மறுக்கவில்லை.

அவர் கௌசரைப் பார்த்தார். "இவ தனியாப் போக வேண்டாமுங்க. நானும் கூடப் போறேன்."

"எதுக்கு?"

"அவன் எதுத்தாப்பல உக்காந்துக்கறேன். இதை அவன் முழுசாக் கேக்கோணும். டீயை நான் புடிச்சுக்கறேன்."

"முழுசாக் கேக்க மாட்டார் அண்ணா. நிறுத்துவார்."

செங்கோட்டுவேலுவின் முகம் மறுபடி சிவந்தது. "பாதில நிறுத்துனா என்ன பண்றதுங்க? நான் என்ன பண்ணட்டும்?"

கௌசர் ஒயரைக் கையில் எடுத்தார்.

"எந்த இடத்துல நிறுத்தறார், அப்ப எங்க பார்க்கறார்னு பாருங்க. பார்த்துட்டு, 'நீங்க எந்த ஊரு?'ன்னு அவர்கிட்டக் கேளுங்க."