ஆமைப்பாறையைத் தாண்டிய ஜீப்

வெள்ளாங்குழி எங்கே இருக்கிறது என்று விசாரித்தால் எந்த ஊராரும் அடுத்த ஊரைத்தான் கைகாட்டுவார்கள். ஆற்றங்கரையில் இக்கதையைச் சொல்பவர்கள் அவ்வூர் மலைப்பக்கம் என்பர். மலையடிவாரத்தார் ஆற்றுப்பக்கம் என்பர். ஆயினும் அவ்வூரில் ஒரு பழைய ஜீப் இருந்தது என்பதிலும், மேலக்காட்டுக்குப் போகும் மண்பாதையின் நடுவே ஆமைப்பாறை இருந்தது என்பதிலும் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஜீப்பின் சொந்தக்காரர் ஒச்சப்பன். அவருடைய அக்காள் மகன் தவசிக்கும் மேலக்காட்டுப் பேச்சிக்கும் இருமுறை முகூர்த்தம் குறித்தார்கள். இருமுறையும் ஜீப்பின் அடிவயிறு ஆமைப்பாறைமேல் ஏறிக்கொண்டு, நான்கு சக்கரமும் காற்றில் சுற்றின. இறங்கி நடக்கலாமே என்பீர்கள். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளையின் கால் மணப்பந்தல் வரை தரையில் படலாகாது என்பது வெள்ளாங்குழி வழக்கம். ஆகவே இருமுறையும் முகூர்த்தம் கழியும்வரை தவசி பாறைமேல் நின்ற ஜீப்பிலேயே அசையாமல் வீற்றிருந்தான்.

பேச்சி ஆள் அனுப்பினாள். "மூணாவது தடவையும் வரலைன்னா, பக்கத்து ஊரு டிராக்டர்காரருக்குக் கழுத்த நீட்டிருவேன்னு சொல்லு. அவரு வண்டி எந்தப் பாறையிலயும் நிக்காது."

தவசி அழுதான். ஒச்சப்பன் ஜீப்பை டவுனுக்கு ஓட்டச் சொன்னார்.

மெக்கானிக் காசிம் பாய் நல்ல வேலைக்காரர். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் வைத்துக் கட்டி, பெரிய டயர்களை மாட்டினார். ஜீப் கொக்கைப்போல் எழுந்து நின்றது. "இனி அந்தப் பாறை வண்டியைத் தொடாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல எப்பவும் நாலு விரல் இடைவெளி இருக்கணும். குறைஞ்சா டயர் உரசிக் கிழிஞ்சிரும்" என்றார்.

முகூர்த்த நாள் காலையில், தலைப்பாகையோடு தவசியை ஜீப்பில் ஏற்றினார்கள். டிரைவர் சீரங்கன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். அப்போது பூலாண்டி கையை உயர்த்தினான். ஒருமுறை தவறான பஸ்ஸில் ஏறி வெளியூரைப் பார்த்தவன் ஆதலால், ஊரில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"எப்பவும் நாலு விரல் இருக்கணும்னாரே பாய். விரல் எங்க?"

ஒச்சப்பன் முன்சக்கரத்தின் மேலிருந்த இடைவெளியில் நான்கு விரலைச் செருகினார். பூலாண்டி மற்ற முன்சக்கரத்துக்குப் போனான். சீரங்கன் இறங்கிப் பின்சக்கரம் ஒன்றைக் கவனித்துக்கொண்டான். தரையில் கால் வைக்கக் கூடாத மாப்பிள்ளை, உள்ளிருந்தபடியே கவிழ்ந்து நான்காவது சக்கரத்தில் கையைக் கொடுத்தான்.

"சரி, எடுடா வண்டிய" என்றார் ஒச்சப்பன்.

"யாரு மாமா எடுக்கிறது? நான் இங்கல்ல இருக்கேன்" என்றான் சீரங்கன்.

"வண்டி ஓடுனா சக்கரம் சுத்தும்; சக்கரம் சுத்துனா விரல் போயிரும்; விரல் போனா டயர் போயிரும்" என்று பூலாண்டி ஆராய்ந்து சொன்னான். "அதனால ஓட்டாமக் கொண்டுபோறதுதான் வண்டிக்கு நல்லது."

மூங்கில்கள் வந்தன. ஊரே தோள் கொடுத்தது. வண்டி அசையவில்லை.

"ஓடாத வண்டிக்கு எஞ்சின் எதுக்கு? கழட்டு!" என்றார் ஒச்சப்பன்.

எஞ்சினை இறக்கியதும் முன்பக்கம் எழும்பியது. கைதட்டல் அடங்குமுன் பூலாண்டி அலறினான்: "ஐயோ, ஆறு விரலாயிருச்சு! பாய் நாலுன்னுதான சொன்னாரு?"

வேறு வழியில்லை. கழற்றிய எஞ்சினைத் தூக்கித் தவசியின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். இடைவெளி அச்சாக நான்கு விரலாயிற்று. யாரோ அதன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டதால் வண்டியின் எடை குறைந்துவிட்டதாக எல்லாருக்கும் தோன்றியதால், இம்முறை ஜீப் தோளுக்கு ஏறிவிட்டது.

ஆமைப்பாறை வந்தது. ஜீப் அதற்கு ஓர் ஆள் உயரம் மேலே மிதந்து போயிற்று. தவசி எட்டிப் பார்த்து, "மாமா, தொடவே இல்ல மாமா!" என்று கூவினான்.

"காசிம் பாய் கையே கை! எம்புட்டு ஒசரம் ஏத்திவிட்டிருக்காரு பாரு" என்றார் ஒச்சப்பன், மூங்கிலுக்கு அடியில் மூச்சு வாங்கியபடி.

முகூர்த்தம் முடியச் சற்று நேரமே இருந்தபோது ஜீப் மேலக்காட்டுப் பந்தலை அடைந்தது. பேச்சி எழுந்து வந்து பார்த்தாள்.

"ஏன், வண்டி ஓடாதா?"

"நல்லா ஓடும் தாயி. அதனாலதான் தூக்கிட்டு வந்தோம்" என்றார் ஒச்சப்பன்.

"அவருக்குப் பக்கத்துல மாலையோட இருக்கிறது யாரு?"

"எஞ்சின்."

பேச்சி அதைப் பார்த்தாள். பிறகு தவசியைப் பார்த்தாள். அவன் தலைப்பாகை கலையாமல் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாலி ஏறியது.

திரும்பும்போது புதிய சிக்கல். பேச்சி ஏறி உட்கார்ந்ததும் இடைவெளி மூன்று விரலாயிற்று. ஒருவர் இறங்கியாக வேண்டும். எஞ்சினை இறக்கலாமா என்று ஒருவர் கேட்டதும் சீரங்கனுக்குக் கோபம் வந்தது. "எஞ்சின் இல்லாம வண்டி எப்படிய்யா ஊரு போய்ச் சேரும்?"

"நானே இறங்கிக்கிறேன், சாமிகளா" என்றாள் பேச்சி. அவளைத் தனியே நடக்கவிட மனமில்லாமல் தவசியும் குதித்தான். இடைவெளி ஐந்து விரலாயிற்று. அவன் எடைக்குச் சீர்ப் பாத்திரங்களை ஏற்றி அதைச் சரிசெய்துகொண்டு, ஜீப்பைத் தோளில் வைத்து ஊரார் புறப்பட்டார்கள். மணமக்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, பேசிக்கொண்டே நடந்தார்கள்.

வெள்ளாங்குழியில் ஒச்சப்பன் வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். ஜீப்பை இறக்கி வைத்ததும் சுற்றிப்போட்டு, விளக்குக் கண்ணாடியில் பொட்டும் வைத்தார்கள். இனி வலது கால் எடுத்து வைத்து உள்ளே வர வேண்டியதுதான். வலது கால் என்பது முன்சக்கரமா, பின்சக்கரமா என்ற வாதம் அங்கேதான் எழுந்தது. முன்சக்கரம் என்று ஆற்றங்கரையாரும் பின்சக்கரம் என்று மலையடிவாரத்தாரும் இன்றளவும் சொல்லி வருகின்றனர். வாசல் நிலையைப் பெயர்த்தே வண்டியை உள்ளே கொண்டுபோனார்கள் என்பது மட்டும் இரு வழக்கிலும் உண்டு.

கடப்பாரையால் நிலையை நெம்பிக்கொண்டிருந்தபோது, தவசியும் பேச்சியும் கைகோத்தபடி வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தார்கள்.

ஒச்சப்பன் திரும்பிப் பார்த்து அதட்டினார்:

"அட, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கப்பா! பொண்ணு மாப்ள உள்ள வர்ற நேரத்துல வழிய மறிச்சிக்கிட்டு!"