உள்ளே போன இம்மி

மொட்டு இல்லை. அத்திமரம் கிளை கிளையாகத் தேடிவிட்டு, மறுபடியும் அடியிலிருந்து தொடங்கியது.

மரமும் பூச்சியும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் ஆற்றங்கரை மரங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உச்சியிலையில் வெயில் படுமுன் ஆற்றின் பெயரை நூற்றெட்டு முறை சொல்ல வேண்டும். சொல்லிவந்தால் பூ வரும். பன்னிரண்டு வருடம் சொல்லியும் பூக்காத மரத்தை மற்ற மரங்கள் விறகு என்று கூப்பிடும்.

பக்கத்துப் புங்கமரம் மூன்றாம் வருடமே பூத்துத் தரையை வெள்ளையாக்கியது. அத்திக்கு இது பன்னிரண்டாம் வருடம். பங்குனி முடிய இன்னும் ஒன்பது நாள்.

முதலில் அத்தி தன்னைத்தான் சந்தேகப்பட்டது. எண்ணிக்கை எங்கோ தவறுகிறதோ என்று இலைகளை மடக்கி மடக்கி எண்ணியது. சரியாகத்தான் இருந்தது. பிறகு ஆற்றைச் சந்தேகப்பட்டது. ஆறு தன் உண்மையான பெயரை எல்லோருக்கும் சொல்லியிருக்காது என்று தோன்றியது. அப்புறம் புங்கமரம். மண்ணுக்குள் வேர்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தான் சொல்வதன் பலன் அந்த வழியாக அங்கே போகிறதோ?

கேட்டே விட்டது. புங்கமரம் சிரித்தது.

"என் பூவை உதிர்த்துத் தள்ளவே எனக்கு நேரமில்லை. உன்னுடையது எதற்கு, தாயே?"

சந்தேகப்பட மிச்சமிருந்தவை தண்டிலிருந்த பச்சைக் கட்டிகள். கொத்துக் கொத்தாக வரும், சில வாரம் இருக்கும், காய்ந்து உதிரும். நோய் என்று நினைத்து அத்தி அவற்றை இலைகளால் மறைத்து வைத்திருந்தது. இப்போது அவை கனப்பதாகப் பட்டது. தன் தவத்தைத் தின்று கொழுக்கிற ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

பட்டை வெடிப்பில் இம்மி குடியிருந்தாள். எள்ளில் பாதி இருக்கும் குளவி. விடியலில் அத்தி சொல்லச் சொல்லக் கூடவே முணுமுணுப்பவள். பூவில்லாத மரத்தில் இவளுக்கு என்ன வேலை என்ற கேள்வி அத்திக்கு உண்டு. கேட்டதில்லை.

"உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வா. யார் இருப்பது என்று சொல்."

இம்மி ஒரு கட்டியின் நுனித்துளையைச் சுற்றிவந்தாள். தலை நுழையும், சிறகு நுழையாது.

"இன்னும் ஒன்பது நாள் இருக்கிறதே, அக்கா. பொறுத்துப் பார்ப்போமே."

"நீயும் அவர்கள் பக்கம்தானா?"

இம்மி தலையை நுழைத்தாள். சிறகுகள் முறிந்து வாசலில் விழுந்தன. காற்று அவற்றைக் கொண்டுபோனது.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, பூ."

"என்ன?"

"சுவர் முழுக்கப் பூ. ஒன்றுகூட வெளியே பார்க்கவில்லை, எல்லாம் உள்பக்கம் திரும்பியிருக்கின்றன. அதனால்தான் நமக்குத் தெரியவில்லை."

பன்னிரண்டு வருடம் காத்திருந்த செய்தி இவ்வளவு லேசாக வந்தது அத்திக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்து புங்கமரத்தின் முன்னால் சொல்லச் சொன்னது. சிறகு போய்விட்டது, துளையும் இறுகிவிட்டது, வர முடியாது என்றாள் இம்மி. அங்கேயே கிடந்து தின்ன இது ஒரு சாக்கு என்று அத்தி நினைத்துக்கொண்டது. திருடி கிடைத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் கட்டிக்குள்ளிருந்து ஆற்றின் பெயர் மெல்லக் கேட்டது. எண்பதுக்கு மேல் கேட்கவில்லை. மீதியை அத்தி சொல்லி முடித்தது.

இம்மி சொன்னது மெய்யா என்று பார்த்துவர அடுத்த கட்டிக்குள் அவள் தங்கையை அனுப்பியது. அவளும் பூ என்றாள். அவளும் வெளியே வரவில்லை. அவளைச் சோதிக்க இன்னொருத்தி.

பங்குனி முடிந்தது. மரங்கள் அத்தியை விறகு என்றன. அந்த வருடம்தான் கட்டிகள் உதிராமல் சிவந்து பழுத்தன. நோய் முற்றிவிட்டது என்று அத்தி நினைத்தது. ஆனாலும் விடியலில் பெயரைச் சொன்னது, யாருக்கும் கேட்காத குரலில்.

அந்தப் பங்குனி தொட்டு இன்றுவரை அத்தியின் பூவை வெளியிலிருந்து யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் அது ஒரு பூச்சியை அனுப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆற்றில் குளித்துவிட்டுக் கரையேறுகிறவர்கள் கீழே கிடக்கும் பழத்தை எடுத்து, இரண்டாகப் பிட்டு, உள்ளே இருப்பதை ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.