மனு கொடுக்க வந்த மகாராஜா

மலையும் மலைசார்ந்த காடுமாய்க் கிடந்த வேங்கைநாட்டை வெகு காலத்துக்கு முன்னால் குலோத்தமன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மதியத்துக்குள் அது சட்டமாகிவிட வேண்டும் அவருக்கு.

அந்தக் கோடையில் அவருக்குத் தோன்றியது படகுத் திருவிழா. அரண்மனைக் குளம் நிரம்பவில்லை என்று மேட்டு மதகை அடைக்கச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் முழுக்கக் குளத்துக்குப் போயிற்று. கீழே கதிர் வாங்கும் நேரத்தில் வயல்கள் வெடித்தன. முறையிட வந்த குடியானவர்களை அரை நாள் வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, மீசையின் இடது நுனியை முறுக்கிக்கொண்டே, "இந்த வருஷம் காய்ந்தால் அடுத்த வருஷம் விளையும். என் திருவிழா காத்திருக்குமா?" என்று கேட்டார். "ஆஹா, என்ன தீர்க்கதரிசனம்" என்று கைதட்டியவர் வீரகேசரிராயர். அரசவையில், ராஜா தும்மினாலும் அதில் ராகம் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். இது தப்பு என்று வாய்திறந்த பொக்கிஷதாரரோ அன்று மாலையே நாடு கடத்தப்பட்டார்.

மந்திரி திருமலைக்கொழுந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசினால் அவருக்கும் அதே கதிதான். பேசாவிட்டால் வயல் போய்விடும்.

அப்போதுதான் செங்கேணி வாத்தியாரின் கூத்துக் குழு அரண்மனைக்கு வந்தது. பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைப் பூட்டிவைத்த ஒரு ராஜாவின் கதை. பாட்டன் காலத்திலிருந்து ஆடிவருவது. குலோத்தமனுக்குக் கூத்தென்றால் உயிர். இந்தத் தடவை தானே வேஷம் கட்டப்போவதாகச் சொன்னார். ராஜா வேஷத்துக்கு அவரைவிடப் பொருத்தம் யார் என்று ராயர் உருகினார்.

மந்திரி மெல்லத் தொண்டையைச் செருமினார். "ராஜா வேஷம் யாரும் கட்டலாம், பிரபு. உட்கார்ந்து தலையாட்டினால் போதும். இந்தக் கூத்தில் கஷ்டமான வேஷம் மனு கொடுக்க வருகிற குடியானவன். நல்ல நடிகர்களே திணறுவார்களாம். தங்களுக்கு எதற்கு அந்தத் தொல்லை?"

முடியாது என்று சொன்னால் முடித்துக் காட்டுகிற குணம் ராஜாவுக்கு. குடியானவன் வேஷம் தனக்கே என்றார். அப்படியானால் சிம்மாசனத்தில் யார் என்று கேள்வி வந்தது. ராயர் பக்கம் மந்திரி கைகாட்டினார். பிறகு தனியே அவரை அழைத்து, நம் மகாராஜாவின் நடை, பேச்சு, பார்வை எதுவும் பிசகாமல் அப்படியே நடித்தால் அதைவிடப் பெரிய புகழ்ச்சி வேறில்லை என்றார். ராயருக்கு அது கற்கண்டாய் இனித்தது.

உச்சி வெயிலில் முற்றத்தில் கூத்து தொடங்கியது. ராஜாவுக்கு அழுக்கு வேட்டி, தலையில் துண்டு, வெறுங்கால். கூத்தை நடத்துகிற கட்டியங்காரன் கூப்பிடும்வரை மனுதாரன் வெளியே நிற்க வேண்டும் என்பது கூத்தின் விதி. கட்டியங்காரன் கூப்பிடுவதாக இல்லை. ஊர்க்கதையெல்லாம் பேசி ஜனங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான். கல்தரை சுட்டது. ராஜா காலை மாற்றி மாற்றி நின்றார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, கேள்வி கேட்டால் கடைசிக்குப் போக வேண்டும் என்றான் வாசல்காரன் வேஷக்காரன்.

ஒருவழியாய் உள்ளே விட்டார்கள். நாக்கு ஒட்டிப்போன குலோத்தமன், "ராஜாவே, பிள்ளைகள் பட்டினி. களஞ்சியத்தைத் திறக்க வேண்டும்" என்றார். நடிப்பே தேவைப்படவில்லை. குரல் தானாக உடைந்தது.

சிம்மாசனத்தில் ராயர் ஆகாயத்தைப் பார்த்தார். மீசையின் இடது நுனியை முறுக்கினார். பிறகு ராஜாவின் அதே இழுவையில், "இந்த வருஷம் பட்டினி கிடந்தால் அடுத்த வருஷம் சாப்பிடலாம். என் திருவிழா காத்திருக்குமா?" என்றார்.

கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜா துண்டை அவிழ்த்தார். "ராயரே, வெயிலில் வாடி வந்தவனிடம் இப்படியும் பேசுவானா ஒரு மனிதன்? இது யார் எழுதிய வசனம்?"

ராயர் விழித்தார். தான் எழுதியது என்றால் தலை போகும். இல்லையென்றால் யாருடையது என்று சொல்ல வேண்டும். சிம்மாசனத்திலிருந்து சரிந்து இறங்கி, "பிரபு, அது... தங்கள் திருவாய் மலர்ந்ததுதான். ஒரு சொல்கூட நான் கெடுக்கவில்லை" என்றார்.

ராஜா கொப்புளம் கண்ட தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு மதகைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பொக்கிஷதாரரை அழைத்துவரப் பல்லக்கு போயிற்று. ராயர் வேஷத்துக்குப் போட்டிருந்த ராஜாவின் முத்துமாலை மந்திரியின் கழுத்துக்கு மாறியது. மனு வாங்கும் நாளெல்லாம் குடியானவர்களோடு வெயிலில் நிற்பது இனி ராயரின் உத்தியோகம் என்று ஆணை பிறந்தது. அந்த ஒரு ஆணைக்கு மட்டும் அவர் கைதட்டவில்லை.

வேஷக்காரர்கள் பயந்துபோய் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கதையில் அந்த ராஜா கடைசியில் என்ன ஆகிறான் என்று குலோத்தமன் கேட்டார்.

செங்கேணி வாத்தியார் தயங்கினார். "முடிவு இருக்கிறது, மகாராஜா. ஆனால் ஆடிப் பழக்கமில்லை. எந்த அரண்மனையிலும் எங்களைப் பாதிக்கு மேல் ஆட விட்டதில்லை."

ராஜா சிம்மாசனத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஜனங்களுக்கு நடுவில் இடம் தேடி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"ஆடுங்கள்" என்றார்.