எட்டுப் பக்க கேஸ் ஷீட்

தையல்காரி வேலம்மாளுக்குத் தோளில் ஆபரேஷன் செய்தார் பெரிய டாக்டர் ரகோத்தமன். கை மரத்துப்போகிறது என்று அவள் மூன்று நாள் கதறியும் எட்டிப் பார்க்கவில்லை. வலது கை செயலற்று விழுந்தேவிட்டது. நுகர்வோர் மன்றத்தில் அவளுக்காக வந்தவர் செந்தூர்பாண்டி. அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வக்கீலுக்குப் படித்தவர்.

டாக்டர் கேஸ் ஷீட்டை மேசையில் போட்டார். "மணிக்கு மணி பார்த்து எழுதியிருக்கேன். ஒரே ஒரு தப்பு காட்டுங்க பார்ப்போம், வக்கீல் சார்! கேஸை ஒத்துக்கிறேன்."

"எனக்கு வைத்தியம் தெரியாதுங்க. இதை எப்ப எழுதினீங்க?"

"போன வருஷம் ஆகஸ்டில். கட்டில் பக்கத்திலேயே நின்னு, என் கையால!"

"எட்டுப் பக்கமுமா?"

"எட்டும்தான்யா!"

செந்தூர்பாண்டி கேஸ் ஷீட்டிலிருந்து ஒரு தாளை நீதிபதியிடம் நீட்டினார். "அடி ஓரத்தைப் பாருங்க ஐயா. அச்சடிச்ச மாசத்தை அச்சகத்துக்காரங்க பொடி எழுத்தில் போடுவாங்க."

நீதிபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இந்த வருஷம் ஜனவரி."

"டாக்டர் எழுதினதுல தப்பே இல்லைங்க. தாள்தான் பிறக்கிறதுக்கு அஞ்சு மாசம் முன்னாடியே வேலைக்கு வந்திருக்கு."

டாக்டர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு தப்பு போதும்னீங்களே, டாக்டர்?" என்றார் நீதிபதி.

வேலம்மாள் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.